வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரின் பிழைப்பு எப்படி ஓடுகிறது?

வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 17 வயது, முல்லை நகர் மைதானத்தில் ஃபார்வர்ட் ஆடுகிறான். நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு ஸ்ட்ரைக்கர் சில மாதமாகக் காலையில் அங்கே வந்து பையன்களோடு ஓடுகிறார். அவரைப் பார்த்ததிலிருந்து தம்பிக்கு வேறு பேச்சே இல்லையாம். கேள்வி இதுதான்: "தெரியாத ஊருக்கு வந்து, பந்து ஆடியே ஒருத்தர் பிழைக்க முடியுமா? இவங்க வர்றதாலதான் நம்ம பசங்களுக்கு இடம் போகுதுன்னு கிரவுண்ட்ல பேசிக்கிறாங்க, நிஜமா? தம்பியும் இதே மாதிரி வெளிநாடு போறேன்னு நிக்கிறான். விடலாமா?"

நான் இருபது வருஷத்துக்கு மேலாக வடசென்னை மைதானங்களில் இருக்கிறவன். சென்னை லீக்கில் ஃபார்வர்டாக ஆடினேன். முட்டி போன பிறகு பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அவர்களின் பதிவு, டிரான்ஸ்ஃபர் காகிதங்களையும் பார்த்துக்கொள்கிறேன். கோல் போடுவதைவிட அந்தக் காகிதங்களைப் பற்றி எனக்கு இப்போது அதிகம் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒருவரின் பாதையை முழுசாகப் பார்த்துவிடலாம். பார்த்தலோமியு ஓக்பெச்சே. 1984 அக்டோபரில் நைஜீரியாவின் ஒகோஜாவில் பிறந்தவர். பதின்வயதிலேயே பிரான்ஸ் போய் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அகாடமியில் வளர்ந்தார். 17 வயதில் 2002 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்காக ஆடினார். உங்கள் தம்பியின் வயது. அந்த வயதில் உலகக் கோப்பை ஆடியவன் வாழ்க்கை செட்டில் என்றுதான் நாம் நினைப்போம்.

அதற்குப் பிறகு அவர் போன இடங்களைப் பாருங்கள். பிரான்ஸிலேயே பாஸ்தியா, மெட்ஸ். பிறகு அமீரகத்தில் அல் ஜசீரா. ஸ்பெயினில் அலாவெஸ், வல்லாடோலிட், காடிஸ். கிரீஸில் கவாலா, இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ, திரும்பவும் ஸ்பெயினில் ஹெரெஸ், நெதர்லாந்தில் கேம்பூர், வில்லம் ட்வே. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வாடகை வீடு, ஒரு புது மொழி, ஒரு புது கோச், கூடவே பிள்ளைகுட்டி இருந்தால் ஒரு புதுப் பள்ளிக்கூடம். 34 வயதை நெருங்கும்போது, 2018ல், கவுகாத்திக்கு வந்து, இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடும் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் சேர்ந்தார். நம் ஊரில் அந்த வயதில் பூட்ஸைக் கழற்றி மாட்டிவிடுவார்கள்.

முதல் சீசனில் 12 கோல். அடுத்த வருஷம் கேரளா பிளாஸ்டர்ஸ், 15 கோல். அதற்கடுத்து மும்பை சிட்டி, 8 கோல், சாம்பியன் பட்டம். அந்த ஃபைனலில் 90வது நிமிஷத்தில் பிபின் சிங் போட்ட வெற்றி கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தது இவர்தான். அடுத்து ஹைதராபாத், 18 கோல், அதிக கோல் போட்டவருக்குக் கொடுக்கும் கோல்டன் பூட், இன்னொரு சாம்பியன் பட்டம். அப்போது வயது 37. கடைசி சீசனில் 10. மொத்தம் 63. ஐந்து சீசனில் நான்கு கிளப்.

15 கோல் போட்ட பிறகும் அடுத்த வருஷம் வேறு ஊர். கோப்பை வாங்கிய பிறகும் வேறு ஊர். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரின் பிழைப்பு என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் சரியான படம். நிறைய பேர் ஆடுவது ஒரு வருஷக் கான்ட்ராக்டில். போன வருஷம் போட்ட கோல் இந்த வருஷக் கையெழுத்துக்கு உதவும், அதோடு சரி. புது சீசனில் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். நான்கு ஆட்டத்தில் கோல் வரவில்லை என்றால் உள்ளூர்ப் பையனைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார்கள். வெளிநாட்டுக்காரருக்கு ஜனவரியில் மாற்று ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படியிருந்தும் ஏன் ஸ்ட்ரைக்கர்தான் இவ்வளவு ஊர் மாறுகிறார்? கோல் என்பது எண்ணக்கூடிய சரக்கு. எதிரணியின் கோலைத் தடுக்கும் ஒரு நல்ல சென்டர் பேக் எவ்வளவு நல்லவன் என்று புரிய பத்து ஆட்டம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஸ்ட்ரைக்கருக்கு ஒரு எண்ணும் இரண்டு நிமிஷ வீடியோவும் போதும், கண்டம் தாண்டி வேலை கிடைக்கும். சில மாதத்தில் முடியும் லீக்கில் ஆளை வளர்க்க எந்தக் கிளப்புக்கும் பொறுமை இல்லை. தயாராக இருக்கும் கோலை வாங்கிக்கொள்கிறார்கள். ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014 முதல் 2024-25 வரை 11 கோல்டன் பூட் கொடுத்திருக்கிறார்கள். பதினொன்றும் வெளிநாட்டவர் கையில்தான். அதில் மூன்று நம் சென்னையின் எஃப்.சி. ஆட்கள்: 2014ல் பிரேசிலின் எலானோ 8 கோல், 2015ல் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல், 2019-20ல் லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்.

மெண்டோசாவை நேரு ஸ்டேடியத்தில் பார்த்த எவரும் மறக்க மாட்டார்கள். அந்த வருஷ ஃபைனலில் கோவாவுக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் அவர் அடித்ததுதான் 3-2 வெற்றி கோல். அப்போது அவருக்கு வயது 23. இங்கிருந்து நியூயார்க், பிரான்ஸ், பிரேசில் என்று பெரிய லீக்குகளுக்குப் போனார். இந்தியாவுக்கு வருபவர்கள் எல்லாம் கடைசிக் காலத்தில் வருகிறவர்கள் என்ற பேச்சு எல்லோருக்கும் பொருந்தாது. வால்ஸ்கிஸ் ஃபைனலிலும் கோல் போட்டார், ஆனால் சென்னை 1-3 என்று தோற்றது. அடுத்த சீசன் ஜாம்ஷெட்பூர். இரண்டு வருஷம் கழித்துத் திரும்ப சென்னைக்கே வந்தார்.

இதெல்லாம் ஐ.எஸ்.எல். காலத்துக் கதை. இதற்கு வெகுமுன்பே கொல்கத்தாவில் இது நடந்திருக்கிறது. உங்கள் தம்பி தெரிந்துகொள்ள வேண்டியது ஓக்பெச்சே கதையைவிட அந்தக் கதைதான் என்று நினைக்கிறேன்.

1980ல் ஈரானியர்கள் சிலர் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார்கள். அவர்களில் இருவர் மஜித் பிஷ்கர், ஜம்ஷித் நசிரி. மஜித் 1978 உலகக் கோப்பைக்கான ஈரான் அணியில் இருந்தவர். படிக்க அலிகர் வந்த இடத்தில் கொல்கத்தா அவரைக் கண்டுபிடித்தது. அவர் ஆட்டத்தைப் பார்த்த பழைய ஆட்கள் இன்றைக்கும் அதைப்பற்றிப் பேசும்போது குரல் மாறும். ஆனால் அதே 1980ல் ஈரான்-ஈராக் போர் மூண்டது. மஜித்தின் சொந்த ஊரான கோரம்ஷஹர் போரில் சிதைந்துபோனது. திரும்பிப் போக ஊர் இல்லை, இங்கே கை பிடிக்கவும் வீட்டு ஆள் இல்லை. சில வருஷத்தில் அவர் ஆட்டமும் வாழ்க்கையும் சரிந்தது. ஊர் திரும்பினார், கால்பந்து உலகம் அவரை மறந்தது. 2019ல் ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டுக்கு அவரைத் தேடி அழைத்து வந்தபோது விமான நிலையத்தில் அவருக்காகக் கூட்டம் திரண்டது.

ஜம்ஷித் கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். கோல்களைக் குவித்தார், குடும்பம் ஆனது. அவர் மகன் கியான் நசிரி, 2022 ஜனவரி 29 அன்று, கொல்கத்தாவின் இரு பெரிய கிளப்புகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதும் டெர்பியில் மாற்று ஆளாக இறங்கி, தன் அப்பாவின் பழைய கிளப்பான ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகவே ஹாட்ரிக் அடித்தார். அந்தப் பையன் 2024ல் சென்னையின் எஃப்.சி.க்கு ஆட வந்தான். அப்பா ஈரானிலிருந்து வந்தவர், பிள்ளை கொல்கத்தாக்காரன், அப்போது பிழைப்பு சென்னையில். ஒரே விமானத்தில் கிளம்பியது போல ஒரே கிளப்பில் தொடங்கிய இருவரில் ஒருவருக்கு இப்படியும் இன்னொருவருக்கு அப்படியும் ஆனதற்குத் திறமை காரணமில்லை. மஜித் அதிகத் திறமைசாலி என்று ஜம்ஷித்தோடு ஆடியவர்களே சொல்வார்கள். சாயங்காலம் வீடு திரும்பினால் சோறு போட்டு "இன்னைக்கு எப்படி ஆச்சு" என்று கேட்க ஒரு ஆள் இருந்தாரா என்பதுதான் எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம்.

எண்பதுகளில் வந்த சீமா ஒகோரியும் படிக்க வந்த நைஜீரிய மாணவர்தான். முகமதன், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் மூன்றுக்கும் ஆடி, நடுவில் இங்கிலாந்தின் பீட்டர்பரோ, கிரிம்ஸ்பி கிளப்புகளையும் பார்த்துவிட்டு மறுபடி கொல்கத்தா வந்தார். 1997 ஜூலை 13, சால்ட் லேக்கில் 1,31,000 பேர் பார்த்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலுக்காகப் பாய்ச்சுங் பூட்டியா அடித்த ஹாட்ரிக்கை எல்லோரும் சொல்வார்கள். மோகன் பகானுக்கு அன்று வந்த ஒரே கோல் சீமாவுடையது.

அன்று மாணவராக வந்து அப்படியே கிளப்பில் சேர்ந்தது போல இன்று முடியாது. இந்தியக் கிளப் ஒன்று வெளிநாட்டு ஆட்டக்காரரைக் கான்ட்ராக்டில் எடுத்தால் அவருக்கு வேலைவாய்ப்பு விசா வேண்டும். அந்த விசாவுக்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. வந்த பிறகு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். முந்தைய நாட்டுச் சங்கம் சர்வதேச டிரான்ஸ்ஃபர் சான்றிதழ் அனுப்பினால்தான் இங்கே ஆட்டக்காரராகப் பதிய முடியும். ஐ.எஸ்.எல். கிளப்புக்கு இதையெல்லாம் செய்யத் தனி ஆள் இருக்கிறார். உள்ளூர் லீக்கில் ஆடும் சின்னக் கிளப்புக்கு அந்தச் சம்பளத்தைக் கனவிலும் கொடுக்க முடியாது. ஆனாலும் "நீ வா, ஆடு, பேப்பர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்வதற்கு ஆள் இருக்கிறது.

அப்படி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்பு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து. பெரிய கிளப்பில் டிரயல் என்று ஒரு ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு சுற்றுலா விசாவில் அனுப்பியிருந்தான். சென்னையில் இறங்கிய மறுநாளிலிருந்து அந்த ஏஜென்ட்டின் போன் அணைந்துவிட்டது. பெரம்பூர் பக்கம் ஒரே அறையில் நான்கு பேர். காசிமேட்டில் மீன் வாங்கிக் குழம்பு வைப்பார், ஞாயிற்றுக்கிழமை லூர்து அன்னை கோயிலுக்குப் போவார், மற்ற நாளெல்லாம் யார் கூப்பிட்டாலும் ஃபைவ்ஸ், செவன்ஸ் டோர்னமென்ட்டில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஆடுவார். என்ன அருமையான ஹெட்டிங்! ஒரு கிளப் அவருக்குக் காகிதம் போட்டுத் தருவதாகச் சொல்லி ஒரு சீசன் ஆட வைத்தது. ஒரு ஆட்டத்தில் முட்டி ஜவ்வு கிழிந்தது. கான்ட்ராக்ட் இல்லை, அதனால் இன்ஷூரன்ஸ் இல்லை, விசா முடிந்திருந்தது. கிளப்பில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அபராதத்துக்கும் டிக்கெட்டுக்கும் எங்கள் பையன்கள் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தார்கள். அவரோடு மாதக்கணக்கில் ஆடியிருந்தும் "உன் விசா என்ன, எதில் கையெழுத்துப் போட்டாய்" என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. காகித வேலையை நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். முல்லை நகருக்கு வருகிற இந்த நைஜீரியருக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தம்பி மூலமாகவாவது ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம்ம பசங்க இடம் போகிறதா? பாதி உண்மை. 2014ல் களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18ல் ஐந்து. 2021-22 முதல் நான்கு. நம் பசங்களுக்கான இடம் கூடிக்கொண்டுதான் வந்தது, ஆனால் கிளப்புகள் அந்த நான்கில் ஒன்றை நம்பர் 9க்கு, அதாவது நடுவில் நின்று கோல் போடும் ஃபார்வர்டுக்கு என்று ஒதுக்கிவிடுகின்றன. சுனில் சேத்ரிகூட தன் கிளப்பில் பல ஆட்டங்களை நடுவில் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் நிற்க, ஓரத்தில் நின்று ஆடியிருக்கிறார். இது மேலே நடப்பது. கீழே என்ன நடக்கிறது தெரியுமா? 14 வயதில் வேகமாக ஓடும் பையனை நாமே விங்குக்கு அனுப்பிவிடுகிறோம். "நடுவுல எப்படியும் ஃபாரினர்தான் ஆடுவான், நீ சைடுல கத்துக்கோ" என்று சொன்ன கோச்களில் நானும் ஒருவன். இப்போது சொல்வதில்லை.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டால் போதும். ஓக்பெச்சே 37 வயதில் 18 கோல் போட்டார் என்றால் ஓடிப் போடவில்லை. அவருடைய கோல்களைத் திரும்பப் பார்க்கும்போது பந்தைப் பார்க்காமல், பந்து வருவதற்கு முந்தைய மூன்று விநாடி அவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். டிஃபென்டர் பந்தைத் திரும்பிப் பார்க்கும் நொடியில் அவன் முதுகுப் பக்கம் இரண்டு எட்டு வைத்திருப்பார். க்ராஸ் வரும்போது எல்லோரும் முன் போஸ்ட்டுக்கு ஓட, இவர் நின்றுவிடுவார். காலியாக இருப்பது அவர் நிற்கும் இடம்தான். நம் பையன்கள் தெருவிலும் சின்ன கிரவுண்டிலும் வளர்ந்தவர்கள். கால் வேலையில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் எல்லாப் பந்தும் தன் காலுக்கு வர வேண்டும் என்று ஓடி வந்து வாங்குவார்கள். பந்து இல்லாமல் நிற்பதுதான் இவர்களுக்குக் கஷ்டம். இதைக் கற்றுக்கொடுக்க எந்த கோச்சையும்விட, பக்கத்தில் ஓடுகிற அந்த நைஜீரியர் உதவுவார். காலையில் பதினைந்து நிமிஷம் க்ராஸுக்கு அவரோடு நிற்கச் சொல்லுங்கள்.

வெளிநாடு விடலாமா என்ற கேள்விக்கு, இப்போது விட முடியாது என்பதே விதி. 18 வயதுக்குக் கீழே நாடு விட்டு நாடு டிரான்ஸ்ஃபர் செய்ய ஃபிஃபா அனுமதிப்பதில்லை. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் குடிபெயர்வது மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. ஆகவே "17 வயசுல யூரோப் கிளப்" என்று யாராவது பேசினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

18க்குப் பிறகு வழி இருக்கிறது, ஆனால் அது கொல்கத்தா, கோவா, பெங்களூரு வழியாகப் போகிறது. பூட்டியா 1999ல் இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போகும்போது அவருக்குப் பின்னால் தேசிய லீக் கோல்கள் இருந்தன. சேத்ரி 2010ல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டிக்கும், 2012ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் இரண்டாம் அணிக்கும் போனார். இரண்டு இடத்திலும் முதல் அணியில் அவருக்குப் பெரிதாக வாய்ப்பு வரவில்லை. இந்தியாவின் மிகப் பெரிய கோல்காரருக்கே அப்படி. நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை டெர்பியில் ஈஸ்ட் பெங்காலுக்காகப் போட்ட ஒரே கோலில் மோகன் பகான் தோற்றது. நான்கு வருஷத்துக்கு மேலாக டெர்பி ஜெயிக்காத கூட்டம் அன்று அவரைத் தூக்கிக் கொண்டாடியது. மொழி தெரியாத ஊரில், வெங்காயமும் மீனும் வேறு ருசியில் இருக்கும் மெஸ்ஸில் சாப்பிட்டு, அந்த ஊருக்காகக் கோல் போட்டார். கொல்கத்தாவில் ஆடும் வடசென்னைப் பையனும் ஊர் விட்டு வந்த ஸ்ட்ரைக்கர்தான். பர்மாவிலிருந்து வெறும் கையோடு திரும்பியவர்கள் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை போட்டு எழுந்த ஊர் நம்முடையது. கிளம்புவது நமக்குப் புதிதில்லை.

கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் சி.ஆர்.எஸ். என்ற மையப் பதிவு தம்பிக்கு எந்த வயதிலிருந்து, எந்த கிளப் பெயரில் இருக்கிறது என்று கேட்டு வாங்கி வையுங்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ், பதிவு மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். வயதைக் குறைத்துப் போட்டு ஒரு டோர்னமென்ட் ஆடினால் அது பின்னாளில் பெரிய கான்ட்ராக்டை உடைக்கும், என் கண் முன்னால் உடைத்திருக்கிறது. பயிற்சி கொடுத்த இடத்துக்கும் அந்தப் பதிவால் பலன் உண்டு. ஒரு வீரன் நாட்டுக்கு நாடு விலைக்குப் போனால் டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம், அவன் 12 முதல் 23 வயது வரை பதிவாகி இருந்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பதிவில்லாத வருஷத்துக்குப் பைசா வராது. வியாசர்பாடியில் இலவசமாக வளர்த்துவிடும் அகாடமிகளுக்கு இது எவ்வளவு பெரிய பணம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏஜென்ட் என்று யார் வந்தாலும் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பரீட்சை எழுதி வாங்க வேண்டிய உரிமம் அது, ஃபிஃபாவின் இணையதளத்திலேயே பெயரைத் தேடலாம். வீரனோடு அவர் போடும் ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடாது. டிரயலுக்கு முன்பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கிளப் கான்ட்ராக்ட் வரும்போது, 18 வயதுக்குக் கீழ் என்றால் மூன்று வருஷத்துக்கு மேல் போடக்கூடாது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான், அல்லது வேலை அனுமதி கிடைத்தால்தான் கான்ட்ராக்ட் செல்லும் என்று எழுதியிருந்தால் அந்த நிபந்தனையை ஃபிஃபா ஏற்காது. ஆகவே பரிசோதனை எல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்ற வரிகள் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால் எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வீரன் விலகலாம். வெளிநாட்டுக் கிளப்பிடம் நிலுவை என்றால் இரண்டு வருஷத்துக்குள் ஃபிஃபாவிடம் போக வேண்டும். வாட்ஸ்அப் பேச்சையும், வங்கிக் கணக்கு வரவையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

தம்பி பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும். 18 ஆனதும் வெளியூர் டிரயலுக்குப் போகட்டும், வீட்டில் தடுக்காதீர்கள். கையில் ஏதாவது காகிதம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லப் பழக்குங்கள். காலை ஆறு மணிக்கு நான் மைதானத்தில்தான் இருப்பேன், கொண்டுவந்து காட்டினால் சேர்ந்து படிக்கலாம்.